பூனைக்கு எதற்கு விரதம்?

'எங்க வீட்டுப் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும். மீன் வாசனையே அதுக்குப் பிடிக்காது!'

இப்படிப் பூரிப்போடு சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏன், நீங்களே கூடச் சொல்லியிருக்கலாம். ஒரு வீட்டுப் பூனைக்கு வெண்பொங்கல் என்றால் உயிர். இன்னொரு வீட்டுப் பூனை, தேங்காய் துருவும் சத்தம் கேட்டாலே அடுப்படிக்கு ஓடி வந்துவிடும். மற்றொன்றோ அப்பளம் பொரிக்கும்போது காலைச் சுற்றிச் சுற்றி வரும். 'போன ஜன்மத்துல நம்ம வீட்டுல பொறந்திருக்கும்' என்று பெரியவர்கள் சொல்ல, நமக்கும் மனசு குளிர்ந்துவிடும்.

மனுஷர் சாப்பாட்டில் இப்படி ஆசை வைத்த பூனை நம் வீட்டுக்கு வருவது பாக்கியம்தானா? அதை அந்தச் சாப்பாட்டிலேயே வளர்ப்பது புண்ணியமா? 'இதென்ன பெரிய கேள்வி?' என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் அக்கா வீட்டில் ஒரு பூனைக்குக் கண் மங்கிப் போகும் வரை!

அபயம் தரும் ஊர்

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அதிராம்பட்டினத்தில். தஞ்சாவூர் ஜில்லாவில், பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில் இருக்கிற கடற்கரை ஊர். நெல் விளையும் பூமி முடிந்து, உப்பளமும் கடலும் தொடங்குகிற இடம். அதிவீரராம பாண்டியர் பெயரால் 'அதிவீரராமன்பட்டினம்' என்று இருந்ததுதான் அதிராம்பட்டினம் ஆனது என்பார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது திருவாதிரை நட்சத்திரக்காரர்கள் இருந்தால், அவர்களுக்கு உரிய தலம் இது. இங்கே அருள்பாலிக்கிற ஈசனுக்கு அபயவரதீஸ்வரர் என்று திருநாமம், அம்பாள் சுந்தரநாயகி. அசுரர்களுக்கு அஞ்சி ஓடி வந்த தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் 'பயப்படாதீர்கள்' என்று அபயம் கொடுத்ததால் சுவாமிக்கு அந்தப் பெயர்.

அக்கா வீட்டார் பரம்பரைச் சைவம். முட்டை கூட வாசற்படி ஏறியதில்லை. அக்காவோ சோமவாரம், பிரதோஷம், சஷ்டி என்று ஒரு விரதம் விடமாட்டாள். பிறந்த வீட்டில் நாங்கள் அவளை 'விரத அம்மாள்' என்றுதான் கேலி செய்வோம்.

புயல் கொண்டு வந்த விருந்தாளி

2018ஆம் வருடம், ஐப்பசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. நவம்பர் 16. விடிவதற்கு முன்பே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவில் இருப்பவர்கள் அந்த ராத்திரியை மறக்கவே முடியாது. பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் வேரோடு சாய்ந்து கிடந்தன. படகுகள் உடைந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பாலும் இல்லை, காய்கறியும் இல்லை.

அக்கா தெருவில் இருந்தவர்கள், இருந்த அரிசியை ஒன்றாகப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். ஈர விறகு எரியாமல் ஒரே புகை. இந்த வீடு, அந்த வீடு என்ற பேதமெல்லாம் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் பாத்திரத்தோடு நின்ற வரிசையின் ஓரத்தில், நனைந்து, விலா எலும்பு தெரிய ஒரு பூனைக்குட்டியும் நின்றது.

படகு கடலுக்குப் போனால்தானே மீன் வரும்? மீன் வந்தால்தானே பூனைக்குத் தலையும் வாலும் கிடைக்கும்? அக்கா தன் பங்குக் கஞ்சியில் இரண்டு கரண்டியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்தாள். உப்பு கூட இல்லாத அந்தக் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் நக்கித் தீர்த்துவிட்டு, அக்கா பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது குட்டி.

அடைக்கலம் என்று வந்த ஜீவனை விரட்ட அந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? அம்பாள் பெயரையே வைத்து, 'சுந்தரி' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த மாதமே மார்கழித் திருவாதிரை வந்தது. வீட்டில் களி கிளறினார்கள். சுவாமிக்குக் காட்டி இறக்கிய களியில் ஒரு உருண்டையைச் சுந்தரிக்கு வைத்தாள். அதையும் வழித்துத் தின்றது. அக்காவுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டதாம்!

'சைவப் பூனை'

அதற்கப்புறம் சுந்தரியின் கீர்த்தி பரவியது. தயிர்சாதம், நெய் விட்ட பருப்புசாதம், வெண்பொங்கல், தேங்காய்த் துருவல், கோயில் சர்க்கரைப் பொங்கல்... எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டது. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் விசாரிப்பது பூனையைத்தான். நானே சென்னையில் எங்கள் விளக்கு பூஜைக் குழுவில் சுந்தரியின் மகிமையைப் பத்து பேருக்காவது சொல்லியிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் அக்காவுக்கு உறுத்தலாக இருந்தது. எதிர் வீட்டில் மீன் ஆயும் நேரத்தில் சுந்தரி வாசலில் போய் நிற்கும். 'இந்தக் கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம்' என்று கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்கு வலை அடித்தாள். 2020ஆம் வருட ஊரடங்கில் கதவுகள் இன்னும் இறுகின. பூனைக்கும் தெரு மறந்துபோனது. 'பாத்தியா, சத்சங்கம் என்ன பண்ணும்னு!' என்று போனில் பெருமைப்பட்டாள் அக்கா. நானும் ஆமாம் போட்டேன்.

இந்த இடத்தில், பின்னால் நாங்கள் தெரிந்துகொண்ட ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணர நமக்கு இருக்கிற ஒரு மரபணு பூனை இனத்துக்கு வேலை செய்வதில்லை என்று 2005ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, புலிக்கும் அப்படியே. அப்படியானால் சுந்தரி வழித்துத் தின்றது களியின் வெல்லத்தை அல்ல, நெய்யை! பொங்கலில் அது தேடியதும் நெய். தயிர்சாதத்தில் தேடியதும் பாலின் கொழுப்பு வாசனை. தன் உடம்புக்கு வேண்டிய மாமிசத்தின் சாயல் எதில் கொஞ்சமாவது இருக்கிறது என்று அது தேடிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டோம்.

மங்கிய கண்கள்

மூன்று வருடம் ஓடியது. ஒருநாள் சாயங்காலம், விளக்கேற்றும் நேரம். தாழ்வாரத்தில் ஓடி வந்த சுந்தரி, எப்போதும் அங்கேயே இருக்கும் அம்மிக்கல்லில் போய் முட்டிக்கொண்டது. இன்னொரு நாள் தாவ நினைத்த திண்ணை தவறிக் கீழே விழுந்தது. பட்டப்பகலிலும் கண்மணிகள் அகலமாக விரிந்தே இருந்தன.

'கண்ணுக்கு நல்லது' என்று அக்கா கேரட்டைத் துருவிச் சாதத்தில் பிசைந்து போட்டாள். நம் பிள்ளைகளுக்கு அப்படித்தானே செய்வோம்? ஆனால், கேரட்டில் இருப்பதைக் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக்கொள்ள நம் உடம்புக்குத் தெரியும். பூனையின் உடம்புக்குத் தெரியாது. பாவம், அக்கா அதற்கு என்ன செய்வாள்!

கடைசியில் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனாள். அவர் முதலில் கேட்டது, 'இதுக்கு என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?' அக்கா பெருமையோடு பட்டியல் சொன்னாள். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பசுவும் தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது. மாமிசத்திலும் மீனிலும் இருந்துதான் அது கிடைத்தாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975லேயே தெரிந்துவிட்டது. இதயத் தசையும் பலவீனப்படும் என்பது 1987ல் தெரிந்தது. பால், தயிரில் அந்தச் சத்து மிகச் சொற்பம். அரிசியிலும் பருப்பிலும் அறவே இல்லை.

'மேற்கொண்டு கெடாம பாத்துக்கலாம்மா. போன பார்வை போனதுதான்' என்றார்.

அன்று ராத்திரி அக்கா எனக்குப் போன் செய்தாள். 'நான் பாவம் பண்ணிட்டேனாடி? விரதம் விரதம்னு இருந்து, ஒரு வாயில்லா ஜீவன் கண்ணை அவிச்சுட்டேனா?' என்று குழந்தை மாதிரி அழுதாள். எனக்குப் பதில் தெரியவில்லை. புகழ்ந்து புகழ்ந்து ஏற்றிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டே!

எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்ன கதை

அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்தார். சுந்தரியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

'தப்பா எடுத்துக்காதேம்மா. எங்க நபி சொன்ன ஒரு விஷயம் உண்டு. ஒரு பொம்பளை பூனையைக் கட்டிப் போட்டு வச்சிருந்தாளாம். தானும் தீனி போடலை. அது வெளியே போய்ப் பூச்சி பொட்டைப் பிடிச்சுத் தின்னவும் விடலை. அது செத்துப் போச்சு. அந்த ஒரு காரியத்துக்காகவே அவ நரகத்துக்குப் போனாளாம். நீ அப்படிப்பட்டவ இல்லை. நீ வயிறு நெறையப் போட்டே. ஆனா, அது வயித்துக்குப் போடலைம்மா, உன் மனசுக்குப் போட்டே.'

உன் மனசுக்குப் போட்டே!

எத்தனையோ உபன்யாசம் கேட்ட அக்காவுக்கு, அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் தைத்துவிட்டது. அதை அவள் எனக்குச் சொன்ன நாளிலிருந்து என்னையும் விடவில்லை.

பழியும் பெருமையும்

வங்காளத்தில் சஷ்டி தேவி வழிபாடு பிரசித்தம். குழந்தைகளைக் காக்கும் அந்தத் தாய்க்கு வாகனம் எது தெரியுமா? பூனை! அங்கே பெண்கள் விரதம் இருந்து சொல்லும் ஒரு கதை உண்டு.

ஒரு வீட்டில் நாக்கை அடக்கத் தெரியாத மருமகள். சமைத்து வைத்ததையெல்லாம் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு, 'கறுப்புப் பூனை தின்றுவிட்டது' என்று பழியைத் தூக்கிப் போடுவாளாம். பூனை அடி வாங்கும். அது சஷ்டி தேவியிடம் போய் முறையிட்டது. அதன் பிறகு மருமகளுக்குப் பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பூனைதான் கவ்விக்கொண்டு போய் தேவியிடம் சேர்த்தது. கடைசியில் அவள் தன் தவறை ஒப்புக்கொண்டு, பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே குழந்தைகள் திரும்பக் கிடைத்தன.

அந்த மருமகள் தன் ஆசையைப் பூனையின் தலையில் ஏற்றினாள். நாமோ நம் ஆசாரத்தைப் பூனையின் தலையில் ஏற்றுகிறோம். அவள் ஏற்றியது பழி, நாம் ஏற்றுவது பெருமை. சுமப்பது என்னவோ இரண்டு இடத்திலும் பூனைதான்!

மாமல்லபுரத்துக்குப் போனவர்கள், அர்ச்சுனன் தபசு பாறையில் ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்வதையும், அதைச் சுற்றி எலிகள் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். தவம் செய்வதாக நடித்து எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்தில் உத்யோக பர்வத்தில் வருகிறது. போலிச் சாமியாரை 'உருத்திராட்சப் பூனை' என்று நாம் சொல்வது இதனால்தான். அந்தப் பூனை தானாகவே ஏமாற்றியது. ஆனால், சுந்தரி என்ன செய்தது? 'நான் சைவம்' என்று அது எப்போதாவது சொன்னதா? அதன் கழுத்தில் உருத்திராட்சம் கட்டியது நாங்கள் அல்லவா?

உபன்யாசங்களில் மார்ஜார நியாயம் கேட்டிருப்பீர்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது, தாயே வந்து அதைக் கவ்விக்கொண்டு போகும். அதுபோல, முழுசாகச் சரணடைந்தவனைப் பகவானே தூக்கிச் செல்வான் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். கேட்டுக் கசிந்து உருகுகிறோம். குட்டியின் கழுத்து நோகாமல் கவ்வுகிற அதே பல்தான் எலியையும் கவ்வுகிறது. அந்தப் பல்லையும் ஆண்டவன்தான் கொடுத்தான். படைப்பில் பாதியைக் கும்பிட்டுவிட்டு, மீதிப் பாதியைத் திருத்தப் பார்ப்பது எந்த விதத்தில் சரி?

களியும் கண்ணும்

'சுவாமிக்கு நம்மால் முடிந்ததை வைக்கிறோம். அவர் ஏற்றுக்கொள்ளவில்லையா? பூனைக்கு மட்டும் ஏன் கூடாது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் இதைப் பல நாள் யோசித்தேன்.

திருவாதிரைக் களி வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், தினமும் ஒரு சிவனடியாருக்கு அன்னமிடாமல் உண்ணமாட்டார். மழையில் விறகு நனைந்து விற்காமல் போன நாளில், வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி கிண்டி, வந்த அடியாருக்குப் படைத்தார். மறுநாள் தில்லைக் கருவறையில் களி சிதறிக் கிடந்தது. வந்து உண்டவர் அந்த நடராஜப் பெருமானே!

கண்ணப்பரோ, தான் ருசி பார்த்து நன்றாக இருந்த மாமிசத்தையே காளத்தியில் படைத்தார். அதையும் பெருமான் ஏற்றார்.

களியையும் ஏற்றார், மாமிசத்தையும் ஏற்றார். எப்படி முடிந்தது? அவருக்குப் பசி இல்லை! அவருக்கு உடம்பு வாட்டமில்லை. நாம் வைப்பது வெல்லமா, மாமிசமா என்று அவர் பார்ப்பதில்லை. வைக்கிற மனசைப் பார்க்கிறார். அதனால்தான் சுவாமிக்கு நமக்கு இஷ்டமானதை வைக்கலாம்.

ஜீவனுக்குப் பசி உண்டு, உடம்பு உண்டு, அந்த உடம்புக்கென்று ஒரு விதி உண்டு. அன்போடு வைத்தோம் என்பதற்காக அதன் விழித்திரை நம் அன்பைத் தின்று பிழைத்துக்கொள்ளாது. சுவாமிக்கு வைக்கும்போது நம் இஷ்டம் நைவேத்தியம். ஜீவனுக்கு வைக்கும்போது அதன் தேவைதான் நைவேத்தியம்.

இதைக் கண்ணப்பரே நமக்குக் காட்டிவிட்டார். ஐந்து நாள் தனக்குப் பிடித்ததைக் கொடுத்தார். ஆறாம் நாள் சுவாமியின் கண்ணில் ரத்தம் வழிந்ததைப் பார்த்ததும் என்ன செய்தார்? 'இன்னும் கொஞ்சம் நல்ல மாமிசம் கொண்டு வருகிறேன்' என்றா ஓடினார்? பச்சிலை தேடிப் பிழிந்தார். நிற்கவில்லை. எதிரே இருப்பவருக்கு இப்போது வேண்டியது கண் என்று தெரிந்ததும், தன் கண்ணையே எடுத்து அப்பினார். பிடித்ததைக் கொடுப்பதிலிருந்து வேண்டியதைக் கொடுப்பதற்குப் போன அந்த ஒரு அடிதான் அவரைக் கண்ணப்பர் ஆக்கியது.

நம்மில் பலர் அந்த முதல் ஐந்து நாளிலேயே நின்றுவிடுகிறோம்.

மாமியார் தீர்த்த வழக்கு

சரி, சைவக் குடும்பத்தில் பூனைக்கு மீனா? அக்காவுக்கு இது பெரிய தர்மசங்கடம். வடலூரில் 1867ல் தருமசாலை தொடங்கி, பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட வள்ளலார், ஜீவகாருண்யத்தைத் தன் உயிராகவே போற்றியவர். ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது காருண்யம் ஆகாது என்பது அவர் கொள்கை. மீனும் ஓர் உயிர்தானே? ஒன்றின் கண்ணுக்காக இன்னொன்றின் உயிரா?

இதற்குச் சுலபமான பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இருக்கிறது என்று சொல்பவர்கள், அந்தப் பூனை அம்மியில் முட்டிக்கொண்டதைப் பார்க்கவில்லை.

வழி காட்டியது, யாரும் எதிர்பாராத விதமாக அக்காவின் மாமியார். எண்பது வயது. வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காதவர். 'மீன் வாசப்படி ஏறக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன், வாஸ்தவம். ஆனா, பூனைய உள்ள விட்டாச்சே! பூனைய மட்டும் உள்ள விட்டுட்டு, அதோட வயித்தை வாசல்லயே நிறுத்தி வைக்க முடியுமா? அடைக்கலம்னா முழுசாத்தான் கொடுக்கணும்' என்றார்.

அப்புறம் எல்லாம் தானாக அமைந்தது. எதிர்வீட்டில் தினமும் மீன் ஆய்கிறார்கள். கழித்துப் போடுகிற தலை, வால் பகுதிச் சதையை முள் நீக்கி, உப்பு உறைப்பு இல்லாமல் வேகவைத்து, பெரியம்மாவின் பேரன் கொல்லைப் பக்கமாகக் கொண்டு வருகிறான். சுந்தரிக்கென்று தனித் தட்டு, கொல்லைத் திண்ணையில். சுந்தரிக்காக ஒரு மீனும் சாகவில்லை. குப்பைக்குப் போவது அதன் வயிற்றுக்குப் போகிறது. கூடவே, டாக்டர் சொன்னபடி, அந்தச் சத்து சேர்த்துக் கடையில் விற்கும் பூனைத் தீனியும் கொஞ்சம். அக்கா தட்டை அலம்பிவிட்டு, கைகால் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வழக்கம் போல் விளக்கேற்றுகிறாள். அவளுடைய ஒரு விரதமும் கெடவில்லை.

சுந்தரிக்குப் பார்வை திரும்பவில்லை. ஆனால், தட்டுத் தடுமாறி ஓடுகிற தெம்பு வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தயிர்சாத ஆசை இன்னும் போகவில்லை! வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி வைக்கிறாள் அக்கா. இப்போது அது வெறும் ஆசைக்கு, பசிக்கு அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டுக்கும் ஒரு பூனை வருகிறதா? தாராளமாகச் சோறிடுங்கள். தெருவில் சுதந்திரமாகத் திரிகிற பூனை, நீங்கள் வைக்கும் ஒரு பிடி தயிர்சாதத்தோடு தனக்கு வேண்டியதையும் வெளியே தேடிக்கொள்ளும். அதை அடைத்து வைத்து வளர்ப்பதாக இருந்தால், அதற்குரிய உணவைக் கொடுக்க உங்களால் முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், கொடுக்கக்கூடிய இன்னொரு வீட்டில் அது வளர்வதில் தப்பே இல்லை.

சாம்பார் சாதம் வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தையே கெடுக்கும். பாயசத்துத் திராட்சையும் ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றைக் கலக்கும். நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம் எப்போதும் இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. பூனைக்குச் சொன்னது பூனைக்கு மட்டுமல்ல. சர்க்கரை நோயால் தவிக்கும் மாமியாரிடம், 'இன்னிக்கு ஏகாதசி, ஒரு வேளை பட்டினி கிடந்தா புண்ணியம்' என்று சொல்கிறோமா? பிள்ளைத்தாய்ச்சி மருமகளை, 'நாங்கள்லாம் இருக்கலையா?' என்று நிர்ஜலமாக இருக்க வைக்கிறோமா? பசியோடு பள்ளி விட்டு வரும் குழந்தையை, 'பூஜை முடியட்டும்' என்று நிறுத்தி வைக்கிறோமா? நாமாக எடுத்துக்கொண்டால் அது விரதம். பிறர் மேல் சுமத்தினால் அது வெறும் பட்டினி. விரதத்துக்குப் பலன் உண்டு. பிறர் பட்டினியில் நமக்கு என்ன பலன் வந்துவிடப் போகிறது?

'நான் பாவம் பண்ணிட்டேனா?' என்று அன்று அக்கா கேட்டாளே, அதற்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். 'தெரியாமல் செய்தது பிழை, அக்கா. தெரிந்த பிறகும் தொடர்ந்திருந்தால்தான் பாவம். நீ தொடரவில்லையே!'

அடுத்த முறை டெல்டா பக்கம் போனால், அதிராம்பட்டினம் சென்று அபயவரதீஸ்வரரைத் தரிசியுங்கள். சந்நிதியில் நிற்கும்போது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அடைக்கலம் என்று வந்தவர்களிடம், 'நீங்கள் இப்படி மாறினால்தான் அபயம்' என்று அவர் சொல்லவில்லை. வந்தவர்களை வந்தபடியே ஏற்றுக்கொண்டார். நம்மை நம்பி வாசலில் வந்து நிற்கும் ஜீவனையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் மனசை, சுந்தரநாயகி அம்பாள் நம் எல்லோருக்கும் அருளட்டும்!